வைக்கோல் மிச்சம்

நீடாமங்கலம் தாண்டி, வெண்ணாற்றின் தென்கரையில்
தாளடி நட்டு இருபத்திரண்டாம் நாள்.
கண்ணாடி மாதிரிப் பெட்டியைப் பயிர்மேல் கவிழ்த்து
பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை
ஊசியால் உள்காற்றை உறிஞ்சுகிறேன்.
"பயிருக்கு ஊசி போடுறியா?"
களை பறிக்கும் பாக்கியவதி நிமிரவில்லை.
"இல்ல, ரத்தம் எடுக்கிறேன்."
சிரித்தாள்.
முழுப் பொய்யும் இல்லை அது.

சேறும் கொஞ்சம் எடுக்க வேண்டும்.
விரலில் ஒரு கணு இறங்கும்வரை தவிட்டு நிறம்,
அதற்குக் கீழே கறுப்பு.
கறுப்பு தொடங்கும் இடத்தில் காற்று முடிகிறது.
அங்கே குடியிருக்கிறது
நாம் கழித்துவிட்ட மூச்சைத் தின்று வாழும் ஒரு கூட்டம்.

கரியமிலவாயு இரண்டு வேண்டும் அதற்கு.
ஒன்றை ஒரு கையில் வாங்கி
ஹைட்ரஜனை ஒவ்வொன்றாய்ச் சேர்த்துப் பிசைந்து
மெத்தில் ஆக்கும்.
மற்றதில் ஓர் ஆக்சிஜனை மட்டும் உருவி எறியும்.
மிஞ்சுவது, மூடிய அறையில்
கரியடுப்பு வைத்துத் தூங்கியவரைக் கொல்லுமே, அந்த நஞ்சு.
நழுவ விடாமல் பிடித்துக்கொள்ளும்.
நிக்கல் பதித்த ஒரு மூலையில்
இரண்டு கையும் சேரும், இரண்டு கரியும் ஒட்டும்.
வெளியே வருவது அசிட்டேட்,
புளிப்பின் உப்பு.

இதில் அதற்கு என்ன கிடைக்கிறது?
தொடங்க ஓர் ஏடிபி கடன்.
முடிக்கையில் ஓர் ஏடிபி வரவு.
கழித்தால் சுழி.
ஏட்டில் முதலில் எழுதியபோது
எங்கோ தப்பு என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

இந்த வயலைக் குத்தகைக்கு உழும் வைரக்கண்ணு
வரப்பில் நின்று சொன்ன கணக்கும் அதேதான்.
விதை, உரம், நடவுக்கூலி எல்லாம் சங்கத்துக் கடன்.
கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு வரும் பணம்
சங்கத்துக்கே நேர்.
"அப்ப எதுல சாப்பிடுறீங்க?"
"வைக்கோல்ல."

அதற்கும் ஒரு வைக்கோல் உண்டு.
வேலை நடக்க நடக்க
சோடியத்தைச் சுவருக்கு வெளியே தள்ளி வைக்கும்.
வாய்க்காலில் தண்ணீர் ஏறி நிற்பதுபோல் வெளியே நிற்கும்.
மதகு வழியே உள்ளே திரும்பும்போது
ஒரு சக்கரம் சுழலும்.
முழு ஏடிபிகூடத் தேறாது, சில்லறை.
அந்தச் சில்லறையைச் சேர்த்து வைத்துத்தான்
ஒன்று இரண்டாகிறது.

போன மாதம் ஆய்வகத்தில்
ஒரு குப்பியின் ரப்பர் மூடி, ஊசி போன துளையை மூட மறந்தது.
காலையில் பார்த்தால்
நிறமற்ற குழம்பு ரோஸ்மில்க் மாதிரி இருக்கிறது.
காற்று நுழைந்தால் காட்டிக்கொடுக்க
நான்தான் அந்தச் சாயத்தை ஊற்றி வைத்திருந்தேன்.
பதினோரு வாரம் வளர்த்தது.
குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு
அதைக் கொன்றதையே இழுத்து இழுத்து
மூச்சு வாங்கினேன்.

எனக்குச் சம்பளம் மீத்தேனுக்கு.
அதைச் செய்யும் கூட்டமும் இதே சேற்றில்தான்.
ஒரே ஹைட்ரஜனுக்குப் போட்டி;
வற்றிய குழாயிலும் கடைசிச் சொட்டை
அது உறிஞ்சிவிடும்.
இது செய்து வைத்த அசிட்டேட்டையும் அதன் இனமே தின்னும்.
அப்புறம் நெல்தண்டின் உள்துளை வழியே
வாயுவாய் வானம் ஏறும்.
என் அறிக்கையில் மீத்தேனுக்கு ஏழு கட்டம்.
இதற்கு ஒன்றும் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதி வைக்கிறேன்.

"மண்ணு புளிச்சுக் கெடக்கு" என்கிறாள் பாக்கியவதி,
பறித்த களையைக் கரையில் வீசி.
"குறுவைத் தாளை அப்படியே மடக்கி உழுதுட்டாரு.
தண்ணிய ஒரு தடவை வடிச்சாத்தான் வேர் புடிக்கும்."
வடித்தால் காற்று இறங்கும்.
குப்பியின் சிவப்பு ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.
அவள் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண்.
மஞ்சளும் எண்ணெயும் தடவியிருக்கிறாள்.

காலைப் பிடுங்கி அடுத்த வரிசைக்கு நகர்கிறாள்.
கால் எடுத்த குழியில்
ஐந்தாறு குமிழ்.
பெட்டிக்கு வெளியே; கணக்கில் வராது.
கடிகாரம் பார்த்தேன்.
அடுத்த ஊசிக்கு இன்னும் நாலு நிமிடம்.